வழவழப்பான நிக்கல் டைக்குள் ஏன் சிக்குகிறது? ரைபிள் தோட்டா உறைகளை மறுபடி அளவாக்குவதில் உள்ள சிக்கல்

நிக்கல் முலாம் பூசிய தோட்டா உறை, வெறும் பித்தளை உறையை விட வழவழப்பானது. துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்குள் லேசாக நுழையும், சுட்ட பிறகு லேசாக வெளியே வரும். முலாம் பூசுவதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்ட உறையை, சுட்டு முடித்தபின் மறுபடி நிரப்புவதற்காக, பழைய அளவுக்கு ஒடுக்கும் எஃகு அச்சான டைக்குள் செலுத்தினால் கதை மாறிவிடுகிறது. உறையை டைக்குள் தள்ளும் நெம்புகோல் கருவியான பிரஸ்ஸின் கைப்பிடி பாதி வழியில் இறுகும். திரும்ப இழுக்கும்போது கிறீச்சென்று சத்தம் வரும். சில சமயம் உறை டைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, அடி விளிம்பு மட்டும் பிய்ந்து கையோடு வந்துவிடும். கைத்துப்பாக்கி உறைகளில் இந்தத் தொல்லை குறைவு, ரைபிள் உறைகளில்தான் அதிகம்.

பொதுவாகச் சொல்லப்படும் பதில் "நிக்கல் கெட்டியானது" என்பது. பாதி சரி. மீதிப் பாதி, இரண்டு உலோகங்களை ஒன்றாக வளைக்கும்போது என்ன ஆகிறது என்பதில் இருக்கிறது.

தோட்டாவில் நான்கு பொருள்கள் உண்டு: உறை, அடிபட்டதும் தீ மூட்டும் பிரைமர், வெடிமருந்து, குண்டு. சுட்டதும் பிரைமர் தீர்ந்துவிடும், மருந்து எரிந்துவிடும், குண்டு போய்விடும். உறை மட்டும் மிஞ்சும். நான்கில் விலை கூடியதும் பெரும்பாலும் அதுதான். அதனால் காலி உறையைப் பொறுக்கி எடுத்து மறுபடி நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. ஜான் பார்லோ 1884இல் தொடங்கிய ஐடியல் நிறுவனம் இதற்கான கைக்கருவிகளை விற்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் குண்டுகளுக்குப் பஞ்சம் வந்தபோது, கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃபிரெட் ஹன்டிங்டன் என்பவர் சுட்டுப்போட்ட .22 உறைகளிலிருந்தே குண்டுக்கான மேலுறை செய்யும் டைகளை உருவாக்கினார். 1943இல் பிறந்த, மறுநிரப்புக் கருவிகள் செய்யும் ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். இன்று அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இது வேட்டைக்காரர்களும் இலக்குச் சுடுபவர்களும் வீட்டுப் பட்டறையில் செய்கிற சாதாரண வேலை. இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிப்பதற்கே உரிமம் வேண்டும். தவிர, நம்மூர்ப் போட்டியாளர்கள் 50 மீட்டர் ரைபிளில் சுடுவது .22 ரிம்ஃபயர் தோட்டா. அதன் பிரைமர் கலவை உறையின் விளிம்புக்குள்ளேயே பரப்பப்பட்டிருப்பதால் அதை மறுபடி நிரப்பும் பேச்சுக்கே இடமில்லை.

சரி, உறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

தோட்டா உறைக்கான பித்தளையில் எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். இந்த விகிதம் தற்செயலாக வந்ததல்ல. பித்தளை வகைகளிலேயே கிழியாமல் நன்றாக இழுபடக்கூடியது இதுதான். தகட்டிலிருந்து வட்டம் வெட்டி, அதைக் கிண்ணமாக்கி, பல கட்டமாக இழுத்து நீளக் குழாயாக்கி, நடுநடுவே சூடாக்கிப் பதப்படுத்தி, கடைசியில், குண்டைப் பிடிக்கும் கழுத்தையும் அதற்குக் கீழே சரிவாக இருக்கும் தோளையும் ஒடுக்கி உறை செய்கிறார்கள். முடிந்த உறையில் எல்லா இடமும் ஒரே பதத்தில் இருக்காது. அடிப்பகுதி கெட்டியாக இருக்கும். கழுத்து வேண்டுமென்றே மென்மையாக விடப்பட்டிருக்கும். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை தெரியும், கவனித்திருக்கலாம். கடைசியாகச் சூடு காட்டியதன் தடம் அது. கடையில் விற்பவற்றில் அதைத் துலக்கி எடுத்துவிடுவார்கள்.

தோட்டாவைச் சுடும்போது .308 வின்செஸ்டர் போன்ற ரைபிளில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை போகலாம் என்பது அமெரிக்கத் தொழில்தரம் வைத்திருக்கும் உச்சவரம்பு. பழைய போலீஸ் ரிவால்வர் தோட்டாவான .38 ஸ்பெஷலுக்கு அது 17,000தான். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். அழுத்தம் ஏறியதும் உறையின் சுவர் விரிந்து சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்னால் வராமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் ஒரு மயிரிழை சுருங்கி விடுபடுகிறது. அந்தச் சுருக்கம் இல்லாவிட்டால் உறையை வெளியே இழுக்கவே முடியாது. ஆனால் பழைய அளவுக்கு அது திரும்புவதில்லை. அந்தத் துப்பாக்கியின் சேம்பருக்கு ஏறக்குறைய அச்சாகப் பெருத்த நிலையில்தான் வெளியே வருகிறது.

அதை மறுபடி சிறிதாக்குவதுதான் டையின் வேலை. கடினமாக்கிய எஃகில் உறையின் வடிவத்தைக் குடைந்திருப்பார்கள். பிரஸ்ஸின் நெம்புகோலை இறக்கினால் உறை அதற்குள் ஏறும். உடல் ஒடுங்கும், தோள் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளப்படும், கழுத்து இறுகும். தோளைத் தள்ளுவது பெரும்பாலும் ஒன்றிரண்டு தௌதான். நம் லேத் பட்டறைகளில் சொல்வார்களே, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதுதான். கழுத்து விஷயத்தில் சாதாரண டைகள் இவ்வளவு நாசூக்காக நடந்துகொள்வதில்லை. எந்தத் தடிமனில் உறை வந்தாலும் குண்டு இறுக்கமாக நிற்க வேண்டும் என்பதற்காகத் தேவைக்கு மேல் கழுத்தை நசுக்கிவிடும். அப்புறம், உறை கீழே இறங்கும்போது டையின் நடுக்கம்பியில் இருக்கும் உருண்டை ஒன்று கழுத்துக்குள் புகுந்து அதைச் சரியான அளவுக்கு விரிக்கும். ஆக, சுடும்போது விரிந்து, டைக்குள் நசுங்கி, உருண்டையால் மறுபடி விரிந்து, குண்டு ஏறும்போது இன்னும் கொஞ்சம் விரிந்து என்று ஒரு சுற்றில் கழுத்து நான்கு முறை வேலை வாங்கப்படுகிறது. பித்தளை ஒவ்வொரு முறை வளையும்போதும் கெட்டியாகும். கெட்டியாக ஆக, வளைத்தது நிற்காமல் திமிறித் திரும்பும். ஒரு கட்டத்தில் கழுத்து நீளவாக்கில் வெடிக்கும். முலாம் எதுவும் இல்லாத பித்தளைக்கும் இதுதான் விதி.

இந்த இடத்தில் நிக்கலைக் கொண்டுவந்து வையுங்கள்.

ஆனால் அதற்கு முன், நிக்கல் ஏன் வந்தது? தோல் வார்தான் காரணம். தோலைப் பதனிடும் பொருள்களில் அமிலம் இருக்கிறது. தோட்டாவைத் தோல் வாரின் துளைகளில் செருகி நாள்கணக்கில் வைத்திருந்தால் பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பேறிய தோட்டா வாரை விட்டு வராது, வந்தாலும் சேம்பருக்குள் சரியாக நுழையாது. சண்டை நடக்கும் நேரத்தில் இது உயிர் போகிற விஷயம். அமெரிக்க ராணுவ அதிகாரி ஆன்சன் மில்ஸ் இதற்கு வாரை மாற்றித் தீர்வு கண்டார். தோலை விட்டுவிட்டு நெய்த துணியில் தோட்டா வார் செய்தார், அதில் பணமும் பார்த்தார். இன்னொரு வழி, வாரை அப்படியே விட்டுவிட்டு உறைக்கு முலாம் பூசுவது. தோல் வாரை விடாத போலீஸ்காரர்களின் ரிவால்வர் தோட்டாக்களுக்கு இந்த இரண்டாவது வழி பிடித்துக்கொண்டது. இன்று போலீஸுக்கும் தற்காப்புக்கும் விற்கப்படும் ஸ்பியர் கோல்ட் டாட் தோட்டாக்கள் வெள்ளி நிறத்தில் மின்னுவது அந்த மரபில்தான்.

ரைபிளுக்கு வந்தது வேட்டைக்காரர்கள் வழியாக. மழையிலும் பனியிலும் சட்டைப்பையில் கிடக்கும் தோட்டா கறுக்காமல் இருக்க வேண்டும், பதற்றத்தில் ரைபிளின் தாழான போல்ட்டை முன்னே தள்ளும்போது தடையில்லாமல் உள்ளே போக வேண்டும். ஃபெடரல் நிறுவனத்தின் ட்ரோஃபி பாண்டட் டிப், வின்செஸ்டரின் பாலிஸ்டிக் சில்வர்டிப் போன்ற விலை கூடிய தோட்டாக்களில் நிக்கல் உறையைப் பார்க்கலாம். பளபளப்பு விற்பனைக்கு உதவுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இத்தனை காரணங்களில் ஒன்றுகூட, உறை இரண்டாம் முறை பயன்படுவதைப் பற்றியதல்ல. தோட்டாவைச் சுமந்து போய், ஒரு முறை சுட்டு, உறையை வெளியே தள்ளும் வரைதான் இந்த முலாமின் வேலை. அதற்குப் பிறகு வருவதெல்லாம் அதற்குச் சொல்லப்படாத வேலை.

நிக்கல், உறை உருவான பிறகு மின்முலாமாக ஏறுகிறது. தலைமுடியின் தடிமனில் சிறு பங்குதான் இருக்கும். மின்முலாமாகப் படியும் நிக்கல், பதப்படுத்திய பித்தளைக் கழுத்தை விடக் கணிசமாகக் கெட்டியானது, அதே அளவுக்கு இழுபடாத குணமும் உடையது. அடியில் இருக்கும் பித்தளை விரிவதற்கும் சுருங்குவதற்கும் ஒத்துப்போகும், மேலே இருக்கும் நிக்கல் ஓரளவுக்கு மேல் ஒத்துப்போகாமல் விரிசல் விடும். பழைய சைக்கிளின் ஹேண்டில்பாரில், அடிபட்டு வளைந்த இடத்தில் மட்டும் முலாம் செதில் செதிலாக உரிந்திருக்கும் அல்லவா? அதுவேதான். அங்கே ஒரே முறை வளைகிறது, இங்கே ஒவ்வொரு சுற்றிலும் நான்கு முறை.

செதில் உரிவது அழகுக் குறை மட்டும் என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். உரிந்த நிக்கல் துணுக்கு டையின் உட்சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. எஃகின் மேல் அழுத்தத்தோடு தேய்க்கப்படும்போது பற்றிக்கொள்ளும் சுபாவம் நிக்கலுக்கு உண்டு. முதலில் ஒரு துணுக்கு, அதன் மேல் அடுத்தது என்று ஒரு முடிச்சு வளரும். அடுத்து ஏறும் உறையை அந்த முடிச்சு கீறும். அதோடு அந்த உறையின் முலாமையும் சுரண்டி எடுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். டைக்குள் மசகு இருந்தாலும் முடிச்சு இருக்கும் இடத்தில் அது நிற்காது. வழவழப்பான உலோகம் சிக்குவதன் ரகசியம் இங்கேதான். முழு முலாம் வழுக்கும். உடைந்த முலாம் கொக்கி போடும்.

நிக்கலும் எஃகும் இப்படிப் பற்றிக்கொள்வது துப்பாக்கி உலகத்துக்குப் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவத்தின் .30-06 குண்டுகளுக்குச் செம்பும் நிக்கலும் கலந்த மேலுறை இருந்தது. அதிவேகத்தில் போகும்போது அந்த உலோகம் துப்பாக்கிக் குழலின் உட்சுவரில், முக்கியமாக வாய்ப்பக்கத்தில், திட்டுத்திட்டாகப் படிந்து குறியைக் கெடுத்தது. அந்தத் திட்டுகளைக் கரைக்க வீரர்கள் காரமான அம்மோனியாக் கரைசலைக் குழலுக்குள் ஊற்றி வைப்பார்கள். 1921ஆம் ஆண்டின் தேசியப் போட்டிகளுக்குக் குண்டின் மேல் வெள்ளீயம் பூசிப் பார்த்தார்கள். திட்டு குறைந்தது, ஆனால் வெள்ளீயம் உறையின் கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் புதுத் தொல்லை வந்தது. கடைசியில் நிக்கலையே கைவிட்டு, செம்பில் சிறிதளவு துத்தநாகம் சேர்த்த மேலுறைக்கு மாறினார்கள். இன்றைய குண்டுகளில் பெரும்பாலானவை அந்த வகைதான். குழலில் நடந்ததும் டையில் நடப்பதும் ஒரே வேகத்தில் அல்ல, ஒரே சூட்டிலும் அல்ல. ஆனாலும் நிக்கலின் சுபாவம் இரண்டிலும் தெரிகிறது.

இனி கழுத்து. என் கணிப்பில் தொல்லையின் பெரும்பங்கு டையின் உடல்பகுதியில் இல்லை, கழுத்துக்குள் இழுபடும் அந்த உருண்டையில்தான் இருக்கிறது. முலாம் கழுத்தின் உள்பக்கமும் ஏறியிருக்கும். சுட்டபின் கருமை படிந்திருக்கும் உள்சுவரில் எஃகு உருண்டை உரசிக்கொண்டு வரும்போது எழும் கிறீச் சத்தம் பித்தளை உறையிலும் கேட்பதுண்டு. நிக்கலில் அது தெருவுக்கே கேட்கும். உடலுக்கு மசகு பூசுபவர்கள் கழுத்தின் உள்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள், அல்லது அங்கே எண்ணெய் பட்டால் மருந்து நனையும் என்று வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். அதற்குக் கிராஃபைட், மைக்கா போன்ற உலர்ந்த பொடி இருக்கிறது. கழுத்துக்குள் ஒரு தூரிகையால் தொட்டுவிட்டால் போதும். எஃகு உருண்டைக்குப் பதிலாகக் கார்பைடு உருண்டை போட்டால் இன்னும் நல்லது, நிக்கல் அதில் எளிதில் ஒட்டாது. இதையும் தாண்டிப் போகிறவர்கள் உருண்டையையே கழற்றி வைத்துவிட்டு, கழுத்து அளவைத் தேர்ந்தெடுத்து வளையம் மாட்டிக்கொள்ளும் வகை டையை வாங்குகிறார்கள். கழுத்தைத் தேவையான அளவுக்கு மட்டும் நசுக்கினால் மறுபடி விரிக்க வேண்டிய வேலையே பெரும்பாலும் மிச்சம். செலவு கூடுதல்தான். ஆனால் நிக்கலின் ஆயுளைக் கூட்டுவதில் இதற்கு இணையான வழி எனக்குத் தெரிந்து இல்லை, காரணம் எளிது: வளைப்பது குறைகிறது.

பித்தளைக் கழுத்து கெட்டியானால் அதற்கு ஒரு மருந்து உண்டு: சூடு காட்டிப் பதப்படுத்துவது. சில நொடிகள் தீச்சுடரில் சுழற்றினால் பித்தளை இளகிவிடும். நிற மாற்றத்தைப் பார்த்தே அனுபவசாலிகள் நிறுத்துவார்கள். நிக்கல் முலாம் இந்த வசதியையும் பறித்துவிடுகிறது. உள்ளே இருக்கும் பித்தளையின் நிறம் தெரியாது. குறிப்பிட்ட சூட்டில் உருகும் வண்ணக்குழம்பைத் தடவித்தான் அளக்க வேண்டும், டெம்பிலாக் என்று கிடைக்கிறது. சரியாகச் சூடு காட்டினாலும் பயன் அரைகுறைதான். நிக்கல் உருகும் சூடு 1,455 டிகிரி செல்சியஸ். இந்தப் பித்தளையோ 950ஐ ஒட்டியே உருகிவிடும். இளகுவதற்கும் நிக்கலுக்கு அதற்கேற்ற கூடுதல் சூடு வேண்டும். பித்தளையைப் பதமாக்கும் அளவில் நிறுத்தினால் நிக்கல் முழுதாக இளகாது. நிக்கலுக்கு ஏற்பச் சூட்டை ஏற்றினால் பித்தளை கெட்டுப்போகும், தோளுக்குக் கீழே சூடு இறங்கினால் உறையே ஆபத்தானதாகிவிடும். நிக்கல் கழுத்து சீக்கிரம் வெடிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. முலாமில் விழும் விரிசல் கூர்மையான வெட்டுப்போலச் செயல்படும். இழுவிசை எல்லாம் அந்த முனையில் குவிந்து, அடியில் இருக்கும் பித்தளைக்கும் விரிசலைக் கடத்திவிடும்.

பித்தளை விரிசல் என்றதும் இந்தியாவைத் தொடாமல் போக முடியாது. பிரிட்டிஷ் காலத்தில் இங்கே ராணுவத்திடம் இருந்த தோட்டா உறைகள் மழைக்காலம் வந்தால் தாமாகவே விரிசல் விட்டன. யாரும் சுடவில்லை, கீழே போடவும் இல்லை. பருவத்தோடு வந்ததால் பருவ விரிசல் என்றே பெயர் வைத்தார்கள். மழைக்காலத்தில் தோட்டாக்கள் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டதும், குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், காற்றின் ஈரமும், உறையை இழுத்துச் செய்தபோது அதற்குள் தங்கிப்போன இழுவிசையும் கூடிச் செய்த வேலை அது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் 1921இல் இதை விளக்கினார்கள். மிதமான சூட்டில் வைத்து உள்ளிழுவிசையைத் தணிப்பது இதற்குத் தீர்வாயிற்று. உலோகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் பாடம் இது. மறுநிரப்புபவர்களுக்கு இதில் நேரடிச் செய்தி இருக்கிறது. அம்மோனியா கலந்த பாலிஷ் கொண்டு உறையைத் துலக்கக் கூடாது. முலாம் முழுதாக இருக்கும் வரை நிக்கல் ஒரு கவசம்தான். விரிசல் விட்ட முலாமோ, திரவத்தை உள்ளே இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடமாகிவிடுகிறது. அழுத்தத்தில் இருக்கும் பித்தளைக்கு அது இரட்டைக் கேடு.

துலக்குவதிலேயே இன்னொன்று. வால்நட் ஓட்டுத்தூளிலோ மக்காச்சோளக் கதிர்த்தண்டுத் தூளிலோ போட்டு அதிர வைக்கும் இயந்திரத்தில் பித்தளையை மணிக்கணக்கில் விடுவது வழக்கம். நிக்கலை அப்படி விட்டால் முலாம் தேய்ந்து ஆங்காங்கே மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும். அதற்கு அவ்வளவு துலக்கல் தேவையே இல்லை, துடைத்தாலே பளபளக்கிறதே.

நீளம் வெட்டும் வேலை எரிச்சலானது. அளவாக்கும்போது பித்தளை கழுத்துப்பக்கம் நகர்ந்து உறை நீளும், அதனால் அவ்வப்போது வாயை வெட்டிச் சீராக்க வேண்டும். நிக்கல் வெட்டுமுனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அதை விட மோசமானது, வெட்டிய ஓரத்தில் முலாம் மெல்லிய நாராகப் பிரிந்து நிற்பது. உள்பக்கமாகப் பிரிந்த நார், குண்டைச் செலுத்தும்போது அதன் மேலுறையைக் கீறும். வெளிப்பக்கமாகப் பிரிந்தது, அடுத்த முறை டைக்குள் உதிரும். வெட்டியபின் உள்ளும் புறமும் சரிவாகச் சீவி, இரும்புப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றி, ஊதித் தள்ளிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

டை கீறத் தொடங்கிவிட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? நிக்கல் உறைகளுக்குப் பிறகு ஏற்றும் பித்தளை உறையில் நீளவாக்கில் ஒரே இடத்தில் கோடு விழும். விரல்நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். உடனே நிறுத்தி, டையைக் கழற்றி, கரைப்பானால் கழுவி, மரக்குச்சியில் சுற்றிய துணியில் மிக நுண்ணிய பாலிஷ் பசை தடவி, மெதுவாகச் சுழற்றினால் ஒட்டியிருக்கும் நிக்கல் பெரும்பாலும் வந்துவிடும். எஃகையே தேய்த்து எடுத்தால் டையின் அளவு மாறிவிடும், அதனால் பொறுமை வேண்டும். உறை உள்ளேயே மாட்டிக்கொண்டால் சுத்தியலால் அடிப்பது வீண். அடிப்பகுதியில் துளையிட்டு, மரை வெட்டி, திருகு ஒன்றைச் செருகி இழுத்து எடுப்பதற்குக் கருவி விற்கிறார்கள். லானோலின் கலந்த நல்ல மெழுகு மசகை முன்பே விரல்நுனியில் தொட்டுத் தடவியிருந்தால் அந்தக் கருவியை வாங்க வேண்டி வந்திருக்காது. தோளில் மட்டும் மசகு அதிகமாகிவிடக் கூடாது, அங்கே தேங்கினால் பள்ளம் விழும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. உறையின் அடிக்கு மேலே, சுவர் மெலிந்து அறுபடப் போகும் இடத்தில், பித்தளையில் பளிச்சென்று ஒரு வளையம் தெரியும். பல முறை சுட்ட உறைகளைத் தூக்கிப் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அது முன்கூட்டிச் சொல்லும் அடையாளம். நிக்கல் உறையோ முழுக்கவே பளிச்சென்று இருக்கிறது, அந்த வளையம் கண்ணுக்குப் படுவது கடினம். கண்ணை நம்பாமல் ஒரு காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, முனையைக் கொக்கியாக வளைத்து, உள்ளே விட்டுச் சுவரில் மேலும் கீழும் வருடிப் பார்க்க வேண்டும். பள்ளம் தட்டுப்பட்டால் உறை அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான பவுண்டு அழுத்தத்தில் அறுபடும் உறையிலிருந்து வாயு பின்பக்கம், சுடுபவரின் முகத்துக்குத்தான் வரும். நிக்கல் உறையில் சின்ன டைத் தொல்லைகளை விட எனக்கு இது பெரிதாகப் படுகிறது, ஆனால் பேச்சில் அடிபடுவது என்னவோ கிறீச் சத்தம்தான்.

அப்படியானால் .38 ஸ்பெஷல் நிக்கல் உறைகளைப் பலரும் கவலையில்லாமல் திரும்பத் திரும்ப நிரப்புகிறார்களே? இங்கேதான் முன்பு சொன்ன 17,000 வருகிறது. அழுத்தம் குறைவு, அதனால் விரிவும் குறைவு. உறை நேர்க்குழாய், தோள் கிடையாது. டையில் வேலை செய்வது டங்ஸ்டன் கார்பைடால் ஆன ஒரு குறுகிய வளையம் மட்டுமே. எந்த நொடியிலும் உறையின் ஒரு பட்டைதான் அதைத் தொடுகிறது, அதுவும் நிக்கல் ஒட்டாத பொருளை. ரைபிள் டையில் உடல், தோள், கழுத்து மூன்றும் ஒரே நேரத்தில் எஃகோடு இறுகுகின்றன. ரைபிள் உறைக்கும் கார்பைடு டை இருக்கிறது, விலை பல மடங்கு, அதற்கும் மசகு வேண்டும். இடைவழியாக டைட்டானியம் நைட்ரைடு பூசிய டைகள் சில அளவுகளில் கிடைக்கின்றன. கைத்துப்பாக்கியில் கண்ட அனுபவத்தை ரைபிளுக்கு அப்படியே மாற்றிப் பேசுவதால்தான் நிக்கல் நல்லதா கெட்டதா என்ற வழக்கு தீராமல் நடக்கிறது. கைத்துப்பாக்கிக்காரர் சொல்வதும் உண்மை, ரைபிள்காரர் சொல்வதும் உண்மை. இருவரும் பேசுவது வேறு வேறு வடிவத்தைப் பற்றி.

ரைபிளில் நிக்கல் உறை கையில் சேர்ந்துவிட்டால் என்ன செய்யலாம்? துல்லியப் போட்டிக்கு அதை எடுத்துப் போக மாட்டேன். நிக்கல் கழுத்து குண்டைப் பிடிக்கும் பிடியும் பித்தளையின் பிடியும் ஒன்றல்ல, இரண்டையும் கலந்து சுட்டால் இலக்கில் சிதறல் தெரியும். வேட்டைக்கு அது பொருத்தம்தான். மழைநாளில் ஓரிரு முறை நிரப்பிச் சுடலாம். வெள்ளி நிறத்தில் இருப்பதால் மருந்தும் குண்டும் சேர்ந்த ஒரு குறிப்பிட்ட கலவைக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்தால் மற்றவற்றோடு கலந்துபோகாது. அமெரிக்க மறுநிரப்புபவர்களில் பலர் செய்வது இதைத்தான். பித்தளை உறைகளை முதலில் அளவாக்கிவிட்டு, நிக்கலைக் கடைசியில் ஏற்றி, உடனே டையைக் கழுவிவிடுகிறார்கள். கழுத்தில் முதல் விரிசல் தெரிந்ததும் இடுக்கியால் நசுக்கிப் பழைய உலோகம் சேர்க்கும் வாளியில் போடுகிறார்கள், வெறும் பித்தளை சேர்க்கும் வாளியில் அல்ல. முலாம் கலந்த பித்தளைக்குப் பழைய உலோகக் கடைக்காரர் குறைந்த விலைதான் தருவார், இரண்டும் ஒரே வாளியில் கலந்திருந்தால் மொத்தத்துக்கும் அந்த விலையையே போட்டுவிடுவார்.